வாசல்படிக்கு உள்ளே வெந்த கறி

கருவக்குளம்,
24.02.2025

கோகிலாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்பதை ஊரே போனில் பார்த்துவிட்டது.

மாரீஸ்வரன்தான் கொண்டுவந்து காட்டினான். உன் பெரியய்யா மகன் இந்த வருஷம் திருவிழாக் கமிட்டித் தலைவர், அந்தப் பவுசு முகத்தில் அப்பிக் கிடந்தது. "சின்னய்யா, இங்கன பாருங்க, நம்ம கோகிலா பெரிய ஆளாயிட்டா" என்றான். வீடியோவில் நீ உன் அடுப்படியில் நின்று இரண்டு முள்கரண்டியை வைத்துக் கறியைப் பிய்க்கிறாய். வெள்ளைக்காரன் ஒருவன் படம் பிடிக்கிறான். என்ன கறி என்று கேட்கிறான். கூச்சமே இல்லாமல் பன்றி என்கிறாய். அதோடு விட்டிருக்கலாம். "எங்க ஊரு கடலாடி பக்கம் கருவக்குளம். எங்கய்யா சாமியாடி பொன்னுச்சாமின்னா எல்லாருக்கும் தெரியும்" என்று சிரிக்கிறாய்.

எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றுபோகிறது.

பங்குனியில் அம்மனுக்குக் காப்புக் கட்ட வேண்டிய கை இது. முப்பது வருஷத்துக்கு மேலாக அம்மன் இறங்கும் உடம்பு. அந்த உடம்புக்குப் பிறந்த ஒரே பிள்ளை வீட்டுக்குள் பன்றி வேக வைத்து விற்கிறாள். தங்கும் விடுதி நடத்துகிறேன் என்றாய், சரி என்றேன். பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்குகிறவர்களுக்குச் சோறு போடுகிறேன் என்றாய், அதற்கும் சரி என்றேன். இதற்கு என்னால் சரி சொல்ல முடியாது. இன்றோடு நிறுத்திவிடு.

அன்று இருந்த கோபத்தில் உன் நம்பரை பிளாக் பண்ணச் சொன்னேன். மாரீஸ்வரன் பண்ணிக் கொடுத்துவிட்டான். அதை எடுக்க எனக்குத் தெரியாது, அவனிடம் கேட்கவும் மாட்டேன். ஊர்த் தபாலை வீடு வீடாகக் கொடுத்தவனுக்குக் கடிதம் எழுதவா கஷ்டம்?

பொன்னுச்சாமி


தங்கச்சிமடம்,
28.02.2025

அய்யாவுக்கு,

என் பேரைக் கேட்டால் ஊர்ப் பேரையும் உங்கள் பேரையும் சேர்த்துச் சொல்வதுதான் எனக்குப் பழக்கம். யார் பெற்ற பிள்ளை என்று கேட்கும் முன்பே சொல்ல வேண்டும் என்று பழக்கியது நீங்கள்தான். பெருமையாக இருந்தது, சொன்னேன். அது குற்றமாகும் என்று அந்த நேரம் தோன்றவில்லை.

நீங்கள் கோபப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் ஊர்க் கம்மாய்க்கரை முனிக்கு மூன்று வருஷத்துக்கு ஒருதரம் பன்றி குத்துகிறார்களே, அந்தக் கறிக்கு உப்புப் பார்ப்பது யார்? புதுப் பானை வாங்கிக்கொண்டு போவது யார்? அம்மா உயிரோடு இருந்தபோது ஒருமுறை, நீங்கள் கம்மாயில் முங்கிவிட்டு ஈர வேட்டியோடு வந்தீர்கள். "கறி எப்படிய்யா இருந்துச்சு?" என்று கேட்டேன். "பொட்டப்புள்ள அதெல்லாம் கேக்கக் கூடாது" என்றீர்கள். கன்னத்தில் பல்லுக்குச்சியை ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

நீங்கள் சமைத்தால் அது சாமி காரியம். அதையே நான் சமைத்தால் ஊருக்கு அசிங்கம். இது எந்த ஊர் நியாயம் அய்யா?

உங்கள் மருமகனிடமும் கேட்டேன். "ஒனக்கு வேணும்னா நிறுத்திரு, எனக்கு ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொன்னார் வினோத்குமார். பட்டம் விடக் கற்றுக்கொடுக்கிற மனுஷனுக்கு எல்லாமே காற்றோடு போகிற விஷயம். எனக்கு அப்படி இல்லை. இந்த வீட்டில் நான் தோசை சுட்டேன், மீன் பொரித்தேன், யாரும் என் பேரைக் கேட்டதில்லை. இந்தக் கறியைத் தின்றவர்கள்தான் அடுப்படி வரைக்கும் வந்து யார் சமைத்தது என்று கேட்டார்கள். அதை விட எனக்கு மனசில்லை.

கோகிலா


கருவக்குளம்,
05.03.2025

கோகிலாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பல்லுக்குச்சி வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறாய். அப்பனை எதிர்த்துப் பேசுவதற்கென்றே சேர்த்து வைத்த ஞாபகம்.

வித்தியாசம் இருக்கிறது. முனி இருப்பது ஊருக்கு வெளியே. சமைப்பது வெட்டவெளியில். பொழுது சாய்வதற்குள் தின்று முடித்து, மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்து, பானையை அங்கேயே உடைத்துவிட்டு, தலைக்கு முங்கிவிட்டுத்தான் ஊருக்குள் கால் வைக்கிறோம். அந்தக் கறியின் வாடைகூட வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. உன் வீட்டில் வாசல்படிக்கு உள்ளே வேகிறது. பக்கத்தில் சாமி படம் இருக்கிறது, உன் அம்மா படம் இருக்கிறது. வீட்டுக்குள் பன்றி வேக வைப்பவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று ஊரில் பேசுவது உனக்குத் தெரியாதா? இப்போது நம்மையும் அதில் சேர்த்துப் பேசுகிறார்கள்.

யோசித்துப் பார்த்ததில் ஒரு வழி தெரிகிறது. வீட்டுக்கு வெளியே, வேலியோரம், ஒரு கொட்டகை போட்டுக்கொள். அங்கே சமை, அங்கேயே பரிமாறு. குளித்துவிட்டு வீட்டுக்குள் போ. "என் மகள் வாசல்படிக்கு உள்ளே கொண்டுவருவதில்லை" என்று நான் கமிட்டியில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிடுவேன். அதற்கு மேல் மாரீஸ்வரனால் பேச முடியாது. அவனுக்கு என் காப்பின் மேல் ரொம்ப நாளாகக் கண்.

இன்னொன்று. கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வீடியோவில் கறி பஞ்சு மாதிரி நார் நாராக வருகிறதே, பப்பாளிக்காய் போடுகிறாயா, சோடா உப்பா? நாங்கள் எவ்வளவு எரித்தாலும் அது செருப்புத் தோல் மாதிரித்தான் கிடக்கிறது. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பொன்னுச்சாமி


தங்கச்சிமடம்,
10.03.2025

அய்யாவுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். பப்பாளியும் இல்லை, சோடாவும் இல்லை. எவ்வளவு எரித்தாலும் என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறே அங்குதான். பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்று விறகை அள்ளித் திணிக்கிறீர்கள். கறி பயந்துபோய் இறுகிவிடுகிறது.

நான் முன்னங்கால் சப்பையை எலும்போடு முழுசாக வாங்குவேன். இங்கே சந்தியாகு அண்ணன் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சமைப்பவர்களுக்காக சனிக்கிழமை விடியவே வெட்டுவார், எனக்கென்று கொழுப்போடு எடுத்து வைத்திருப்பார். உப்பு, மிளகு, வற்றல் பொடி, கடுகு, பொடித்த கருப்பட்டி எல்லாவற்றையும் தேய்த்து ஊற வைத்துவிடுவேன். கனத்த இரும்புச் சட்டியில் கொஞ்சம் வெங்காயம் போட்டு அதன்மேல் கறியை வைத்து, ஒரு தம்ளர் புளித்தண்ணீர் மட்டும் விட்டு மூடிவிட வேண்டும். கீழே கருவேலங்கரி, நம் ஊர்ப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற அதே கரி. மூடி மேல் நாலு துண்டு நெருப்பு. சட்டிக்குள் கொதிக்கிற சத்தம் கேட்கக் கூடாது. லேசாக முனகினால் போதும். காலையில் ஏற்றினால் சாயங்காலம்தான் இறக்குவேன்.

பாதியில் ஒரு நேரம் வரும் அய்யா. கறி அப்படியே நின்றுவிடும். கிண்டிப் பார்த்தால் கல்லு. எவ்வளவு நேரம் ஆனாலும் வேகாது போலத் தோன்றும். கை தானாக நெருப்பைத் தூண்டப் போகும். தூண்டினால் போச்சு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், உள்ளே இருக்கிற சவ்வெல்லாம் கரைந்து, எலும்பைத் தொட்டதும் தனியே வந்துவிடும். பிறகு இரண்டு கரண்டி போதும், பிய்த்துவிடலாம். சட்டியில் இருக்கிற சாற்றையே சுண்ட வைத்து மேலே ஊற்றி, பேக்கரி பன்னில் வைத்துக் கொடுப்பேன்.

இப்போது கொட்டகை விஷயம். இந்தத் தீவுக்கு ஆட்கள் வருவதே காற்றுக்காகத்தான். ஆளையே தூக்கிக்கொண்டு போகிற காற்று. வெளியே போட்டால் ஒரு பக்கம் கரி சீறி எரியும், மறுபக்கம் அவிந்துவிடும். போன வருஷம் வேலியோரம் வைத்துப் பார்த்தேன். சட்டி நிறைய மணல். நாள் பூரா ஒரே மாதிரி நெருப்பு நிற்க வேண்டும் என்றால் நாலு பக்கமும் சுவர் வேண்டும். சுவர் உள்ள இடம் என் அடுப்படிதான்.

தனியாகச் சுவர் வைத்துக் கட்டலாமே என்பீர்கள். கட்டலாம். ஆனால் என் சட்டியும் நானும் வீட்டுக்குத் தள்ளி உட்கார வேண்டிய அளவுக்கு என்ன தீட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டுமே, அதுதான் முடியவில்லை. எந்தத் தெருக்காரர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தெருவின் பேரைக்கூட எழுத உங்களுக்குக் கை வரவில்லை பாருங்கள். எனக்கு அதுதான் நாறுகிறது.

கோகிலா


கருவக்குளம்,
17.03.2025

கோகிலாவுக்கு,

நேற்று கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். சுருக்கமாக எழுதுகிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை, 25ஆம் தேதி, காப்புக் கட்டு. அன்றைக்கு நான் அம்மன் சந்நிதியில் நின்று, "எனக்கு மக இல்ல" என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். சொன்னால் காப்பு எனக்கு. சொல்லாவிட்டால் மாரீஸ்வரனுக்கு. ஒருவர்கூட எனக்காகப் பேசவில்லை. நான் பெண் பார்த்துக் கட்டி வைத்தவன்கூடக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தான்.

காப்பை விட்டுவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது, நீயே சொல். உன் அம்மா இல்லை. வேலை முடிந்துபோயிற்று. வருஷத்துக்கு எட்டு நாள் அந்த மஞ்சள் கயிறு கையில் இருக்கிறது என்பதற்காகத்தான் மற்ற நாளெல்லாம் எனக்கு ஊரில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.

மகள் இல்லை என்று சொல்லவும் என்னால் முடியாது.

ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. "இனி என் வீட்டில் பன்றிக்கறி வேகாது." அவ்வளவுதான். அதை அங்கே வாசித்துவிடுகிறேன், வாயடைத்துப்போவார்கள். பிறகு நீ என்ன சமைக்கிறாய் என்று மூடியைத் திறந்து பார்க்க நான் வரப்போவதில்லை. புரிகிறதா? எழுதிக் கொடு, போதும்.

அய்யா


தங்கச்சிமடம்,
20.03.2025

அய்யாவுக்கு,

புரிகிறது. பொய் எழுதிக் கொடு என்கிறீர்கள்.

இரண்டு நாளாக அந்த வரியை எழுதிப் பார்த்தேன். கை எழுதிவிடுகிறது. மடித்து உறையில் போடத்தான் முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் மார்க்கைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தேன் என்று தென்னமட்டை பிய்ய அடித்தீர்கள். "பொய் சொன்ன வாயில சாமி வராதுடி" என்றீர்கள். இப்போது சாமி முன்னால் வாசிப்பதற்கே ஒரு பொய்யைக் கேட்கிறீர்கள். அதை நம்பி அவர்கள் உங்கள் கையில் காப்பைக் கட்டுவார்கள். அடுத்த சனிக்கிழமை இங்கே யாராவது வந்து போட்டோ எடுத்துப் போட்டால், பொய்ச் சத்தியத்தில் காப்புக் கட்டியவர் என்ற பேர் உங்களுக்கு வரும். எனக்கு என்ன பேர் வந்தாலும் சரி. உங்களுக்கு அது வர வேண்டாம்.

நான் எழுத மாட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

காப்பை மாரீஸ்வரன் அண்ணன் கட்டிக்கொண்டு போகட்டும். நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள். கடல் பார்த்த அறையைக் காலி பண்ணி வைத்திருக்கிறேன். பன்றிக்கறி வேகிற நாளில் நீங்கள் பாம்பன் வரைக்கும் போய்விட்டு வாருங்கள். உங்களுக்கென்று தனி அடுப்பு, தனிச் சட்டி வைத்திருக்கிறேன்.

இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அய்யா. எனக்குப் பயமாக இருக்கிறது.

கோகிலா


தங்கச்சிமடம்,
27.03.2025

கருவக்குளம் திரு. பொன்னுச்சாமி அவர்களுக்கு,

காப்புக் கட்டு வீடியோ வந்தது. மாரீஸ்வரன் அண்ணனே எனக்கு அனுப்பியிருந்தார், கும்பிடு படம் ஒன்றையும் சேர்த்து.

நீங்கள் சொன்னதைக் கேட்டேன். "எனக்கு மக இல்ல." குரல் நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தபால் கொடுக்கும்போது வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவீர்களே, அப்படித் தெளிவாக இருந்தது.

அதைப் பார்த்தபோது அடுப்பில் கறி இருந்தது, ஆட்கள் கூடுதலாக வந்ததால் வார நடுவிலும் வாங்கியிருந்தேன். நான் சொன்னேனே, அப்படியே நின்றுவிடுகிற நேரம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கூடையில் இருந்த கரியை எல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டேன். விசிறியும் விட்டேன். கறி கல்லாகிவிட்டது. வந்தவர்கள் மென்று பார்த்துவிட்டு மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள். என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் முட்டை பொரித்துக் கொடுத்தார். நான் கொல்லையில் உட்கார்ந்து அழுதேன்.

அம்மா செத்தபோது, கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லையே என்று சொன்னவர்களிடம், "என் மக பத்து ஆம்பளைக்குச் சமம்லே" என்று சண்டைக்குப் போனவர் நீங்கள். அந்த மனுஷனுக்கு மகள் உண்டு. இப்போது காப்புக் கட்டியிருக்கிறவருக்கு இல்லை. இல்லாத மகளிடமிருந்து இனிமேல் கடிதமும் வராது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விரதச் சோறு ஒரு வேளைதான் என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

கோகிலா வினோத்குமார்


கருவக்குளம்,
03.04.2025

கோகிலாவுக்கு,

இதைக் கிழித்துப் போடாமல் படி. காப்பு அவிழ்த்தாகிவிட்டது. காப்போடு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதால் அந்த எட்டு நாளும் என்னால் வர முடியவில்லை. இப்போது வரலாம். ஆனால் நீ வாசலில் விடுவாயா என்று தெரியாமல் எப்படி வருவது?

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மற்றவர்கள் சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும்.

கடைசி நாள் கரகம் இறங்கியது. வழக்கம் உனக்குத் தெரியும். அம்மன் மலையேறும் முன்னால் சாமியாடி தன் பிள்ளை நெற்றியில் முதல் திருநீறு பூச வேண்டும், அப்புறம்தான் ஊருக்கு. கல்யாணம் ஆன பிறகும் நீதான் வந்து முன்னால் நிற்பாய். இந்த வருஷம் அந்த இடத்தில் மாரீஸ்வரன் பட்டு வேட்டியோடு நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றான். உருமி அடிக்கிறார்கள். குலவை போடுகிறார்கள். நான் ஆடிக்கொண்டே திருநீற்றுத் தட்டைக் கையில் வாங்கினேன்.

பூசவில்லை. "எங்கடா என் மக?" என்று சத்தம் போட்டேன். உருமி நின்றுவிட்டது.

"எம் மக கோகிலா எங்க? அவ நெத்தியில பூசாம நான் மலையேற மாட்டேன். இங்கனயே நிப்பேன்."

மாரீஸ்வரன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "தாயே, அவ வீட்டுக்குள்ள பன்னி வேகுது தாயே" என்றான்.

"வெந்தா ஒனக்கென்னடா? கம்மாய்க்கரையில நிக்கிறவன் யாரு? என் காவக்காரன். அவன் திங்கிறது எனக்கு நாறல. அவ அடுப்புல வேகுறது ஒனக்கு நாறுதோ? அவள இல்லன்னு சொல்லச் சொன்னது எவன்டா?"

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவை எழுந்தது, அப்புறம் எல்லாரும் போட்டார்கள். ஊரே விழுந்து கும்பிட்டது. நான் தட்டைக் கீழே வைக்கவே இல்லை. ஊர் போய் உன்னைக் கூட்டிக்கொண்டு வருவதாக மாரீஸ்வரன் சூடத்தில் அடித்துச் சத்தியம் பண்ணிய பிறகுதான் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனும் கமிட்டிக்காரர்களும் வெற்றிலை பாக்குத் தட்டோடு உன் வீட்டுக்கு வருகிறார்கள். சண்டை போடாதே. காப்பி கொடு. கூப்பிட்டால் வா. அன்றைக்கு அடுப்பில் என்ன இருக்க வேண்டும் என்பது உன் இஷ்டம், எதையும் மறைத்து வைக்காதே.

நான் மனசு மாறிவிட்டேன் என்று நினைக்காதே. வீட்டுக்குள் அது வேகுவது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. உன் கையால் அதைத் தின்னவும் மாட்டேன். தெருப் பேரைப் பற்றி நீ எழுதியது மட்டும் இன்னும் உறுத்துகிறது, அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

ஊரில் எல்லாரும் என்னிடம் வந்து, "அன்னைக்கி ஆத்தா என்ன ஆக்ரோசமா எறங்குனா" என்கிறார்கள். நான் தலையை ஆட்டிக்கொள்கிறேன். உன்னிடம் அப்படி முடியாது. பொய் எழுத மாட்டேன் என்று சொன்னவள் நீ. உருமிச் சத்தம் ஏறும்போது எனக்கு உள்ளங்காலில் ஒரு குளிர் ஏறும், அதற்கப்புறம் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் அப்படித்தான். இந்தத் தடவை எட்டு நாளும் காத்திருந்தேன். மகள் இல்லை என்று சொன்ன நேரத்திலிருந்து அந்தக் குளிர் ஏறவே இல்லை. செவ்வாய்க்கிழமை அம்மன் என் மேல் இறங்கவில்லை கோகிலா. கூப்பிட்டது நான்தான்.

அய்யா